ஒரு டம்ளர் மழை

திண்டிவனத்தைத் தாண்டி வந்து, ஓமந்தூர்ப் பக்கம் ஒரு மானாவாரி வேர்க்கடலைக் கொல்லையில் நிற்கிறேன். இங்கே நான் வைத்த மழைமானி இருக்கிறது. எவ்வளவு மழைக்கு எவ்வளவு விளைகிறது என்பது என் ஆராய்ச்சி. ஒரு மாதமாகத் திண்டிவனம் வட்டாரத்தில் பொட்டு மழை இல்லை. இன்றுதான் வானம் கறுத்திருக்கிறது. ஆனால் இந்தக் கொல்லையில் மட்டும் தினமும் காலையில், அதுவும் ஒரே அளவு மழை பெய்ததாக நோட்டு சொல்கிறது.

நோட்டு எழுதுபவர் கொல்லைக்குச் சொந்தக்காரரான செல்வி. என் கண்ணெதிரிலேயே, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு டம்ளரை மழைமானிக்குள் ஊற்றுகிறார்.

“என்னங்க பண்றீங்க?”

“சும்மா காஞ்சிக்கினு நிக்குது மேடம், பாக்கவே பேஜாரா இருக்குது. ஆனா பொய்யா ஒண்ணும் எழுதல. ஊத்திட்டு, கரெக்டா அளந்துதான் எழுதறேன்.”

அழுவதா கத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மாத ஆராய்ச்சி போயிற்று. மழை இல்லாவிட்டால் சைபர் என்று எழுத வேண்டும், அந்த சைபர்தான் எனக்கு முக்கியம் என்று குரலை உயர்த்துகிறேன். செல்வி என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

“சைபருக்காகவா மேடம் மெட்ராஸ்லேர்ந்து வர்றீங்க?”

அதற்குள் இடி இடிக்கிறது. சடசடவென்று மழை, நிஜ மழை. நனைந்தபடியே சிரிக்கிறேன். செல்வி ஓடிப்போய் ஓர் அலுமினிய அன்னக்கூடையை எடுத்துவந்து மழைமானியின் மேல் கவிழ்க்கிறார்.

“இன்னிக்கி ஊத்தியாச்சி மேடம். இதுவும் சேந்தா அளவு தப்பாயிடும்.”