வரி முறிக்கிற உத்தியோகம்

எதுகை மோனை இல்லாத கவிதையை ஆராய்வதும் ஒரு பிழைப்பா என்று என்னைக் கேட்காதவர் தென்காசியில் பாக்கியில்லை. வசன கவிதையைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற சக பாவிகளே, நான் பட்ட பாட்டையும் கேளுங்கள்.

மாமனார் சந்தேகம்

யுத்த காலம். பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிகத் தமிழாசிரியர். கீழப்பாவூரில் வீட்டோடு மாப்பிள்ளை. அந்தச் சோறு தொண்டையில் இறங்காது. ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர் வேலை காலி என்றார்கள். கிடைத்தால் மனைவியோடு தனிக்குடித்தனம் போய்விடலாம். என் ஆராய்ச்சியைப் புத்தகமாக்கி அனுப்பத் துணிந்தேன்.

மாமனார் நெல் விவசாயி. வசன கவிதை என்றால் என்னவென்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "வரப்பே இல்லாத வயலுல தண்ணி எப்படி நிக்கும், மாப்ளே?"

அச்சுக்கூடத்து அண்ணாச்சி

கவிதையின் உயிர், வரியை எங்கே முறிக்கிறோம் என்பதில் இருக்கிறது. புத்தகம் முழுக்க இதே வாதம்தான். அச்சாகி வந்ததும் ஆசையாகப் பிரித்தேன். நான் எழுதிய உதாரணக் கவிதைகள் அத்தனையும் வரியோடு வரி ஒட்டி, பத்தி பத்தியாகக் கிடந்தன. கல்லூரிக்கு ஒரு பிரதியை அண்ணாச்சியே தபாலிலும் சேர்த்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, குடியைக் கெடுத்துட்டீங்களே!" என்று கத்தினேன். அவர் சாந்தமாகச் சொன்னார்: "பேப்பர் பஞ்சத்துல பாதிப் பக்கம் வெள்ளையாக் கெடந்துது. ஒங்களுக்கு ஒதவியா இருக்கட்டுமேன்னுதான் வரியெல்லாம் சேத்துவிட்டேன்."

குற்றாலத்து நேர்காணல்

தேர்வுக் குழுவில் இருந்த பெரிய பண்டிதர் சாரலுக்குக் குற்றாலம் வந்திருந்தார். என்னை அங்கேயே வரச் சொல்லிப் பத்து நாள் முன்பே எழுதியிருந்தார். வசன கவிதை என்றாலே காறித் துப்புகிறவர். அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு என் புத்தகத்தைப் பிரித்தார். முதல் கவிதையை ஒரே மூச்சில் படித்து முகம் சுளித்தார். மறுபடி மெதுவாகப் படித்தார். "இங்கன மூச்சு நிக்குதேவே" என்று பென்சிலால் ஒரு கோடு போட்டார். அப்புறம் இன்னொன்று. ஆறு கோடு. ஆறும் நான் வரி முறித்த அதே இடங்கள்! கையெழுத்துப் பிரதியை எடுத்துக் காட்டினேன். அவர் தம் கோடுகளையும் என் வரிகளையும் விரலால் ஒத்துப் பார்த்தார்.

"ஐயா, அப்போ வேலை?" என்றேன்.

"அது போன வாரமே வேற ஆளுக்குப் போயிட்டுதுவே. நீரு உக்காரும், அடுத்த பாட்டை வாசியும்."

தனிக்குடித்தனம் கேட்டுப் போனவன் ஒரு வாசகரைச் சம்பாதித்துக்கொண்டு மாமனார் வீட்டுக்கே திரும்பினேன். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பதவி உயர்வு.