மலையேற்றும் அடி பட்டியலின் கடைசியில் இருந்தது

உறுமி மேளம் என்றால் எனக்குப் பைத்தியம். அடிக்கத் தெரியாது, பதிவு செய்யத் தெரியும். கிள்ளான் வட்டாரத்தில் எந்தக் கோயிலில் திருவிழா என்றாலும் சின்ன மைக்கைத் தூக்கிக்கொண்டு மேளக்காரர்கள் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன். அத்தனையையும் கைப்பேசியில் ஒரே தொகுப்பாக, சடங்கின் வரிசையிலேயே அடுக்கியிருந்தேன். முதலில் சாமியை அழைக்கும் அடிகள், பிறகு ஆட்டம், எல்லாவற்றுக்கும் கடைசியில் சாமியை மலையேற்றி அனுப்பும் அடி, ஒன்றே ஒன்று. அந்த ஒழுங்கில் எனக்குப் பெருமை வேறு.

அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, அருள் வரும். உறுமி கேட்டால் போதும், அம்மன் இறங்கிவிடுவாள். இதயத்தில் குழாய் வைத்த பிறகு, உடம்பை உலுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அதனால்தான் கேரி தீவுக் கோயிலுக்கு மேளமில்லாத சாதாரண நாளாகப் பார்த்து நானும் அம்மாவும் அவரை அழைத்துப் போனோம்.

அங்கே தேங்காய் உடைக்கிற இடத்தில் என் கைப்பேசி விழுந்தது. மற்றதெல்லாம் வேலை செய்தது. திரை மட்டும் விரலுக்கு அசையவில்லை. திரும்பும்போது சார்ஜ் ஏறட்டுமே என்று காரில் செருகினேன். முந்தைய நாள் கேட்ட தொகுப்பு தானாகவே ஓட ஆரம்பித்தது. நிறுத்தக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும் லா. காருக்குள்ள என்னா வந்துடப் போவுது?" என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த அத்தை.

எனக்கும் அதுதான் தோன்றியது. ஸ்பீக்கருக்குப் போய் அம்மன் வருவாளா?

வந்தாள். செம்பனைத் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் அத்தையின் தோள் ஒரு வெட்டு வெட்டியது. கொண்டை அவிழ்ந்தது. சீட் பெல்ட் இறுக இறுக முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தார். நான் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினேன்.

"பாட்ட நிறுத்திடவாம்மா?"

"நிறுத்தாதடி! பாதியில விட்டா சாமி உள்ளயே நின்னுரும், அந்த உடம்பு தாங்காது," என்று அம்மா பின் இருக்கையிலிருந்து கத்தினாள். "மலையேத்துற அடியப் போடு. ஊரு பூரா சுத்திச் சுத்தி ரெக்கார்ட் பண்ணியே, அதுகூடவா இல்ல?"

இருந்தது. கைப்பேசியோடு இணைந்திருந்த கார் திரையில் தொகுப்பைத் திறந்து விரலால் தள்ளினேன். பட்டியல் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிட்டது. கீழே ஒரு வாசகம்: வண்டி ஓட்டுகையில் பாதுகாப்பு கருதி முழுப் பட்டியலும் காட்டப்படாது. கண்ணில் பட்டவை எல்லாம் அழைக்கும் அடிகள். குரல் கொடுத்துத் தேடலாம் என்றால் தோட்டத்துக்குள் லைன் இல்லை.

"வண்டி நிக்குது! ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன்!" என்று திரையிடம் கத்தினேன்.

"அதுகிட்ட என்னாடி சண்ட?" என்றாள் அம்மா, பின்னாலிருந்து அத்தையின் தோள்களைப் பிடித்து அழுத்தியபடி.

அத்தை என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்கள் அத்தையுடையவை அல்ல.

"ஏன் கூப்பிட்ட?"

சாமி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். என்னிடம் வேண்டுதலும் இல்லை, குறையும் இல்லை. "தானா ஓடிருச்சு தாயே," என்றேன்.

"கதவத் தொற. நான் நடக்கணும்."

கதவைப் பூட்டினேன். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எங்களை உரசுகிற மாதிரி போனது, கார் ஆடியது. அத்தையின் கழுத்து நரம்பு விடைத்துத் துடித்தது. இந்த இருக்கையிலேயே போய்விடுவார் என்று நினைத்தேன்.

பட்டியலில் இறங்க விடாத திரையில், அடுத்த பதிவுக்குத் தாவும் பொத்தான் மட்டும் இருந்தது. அழுத்தினேன். இன்னொரு அழைப்பு அடி, முன்னதைவிட உக்கிரமாக வெடித்தது. அத்தை இருக்கையை விட்டே எழும்பினார்.

"சத்தத்தக் கொறடி பாவி!"

சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு அழுத்தினேன், மறுபடி, மறுபடி. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தவும் முடியாது. கடைசியைத் தாண்டிவிட்டால் தொகுப்பு முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு பெயராக வாசித்தேன். எந்தெந்தக் கோயிலில் எவ்வளவு ஆசையாகப் பிடித்த அடிகள்! இவ்வளவு ஏன் சேர்த்தேன் என்றிருந்தது. காருக்குள் அத்தையின் மூச்சு மட்டும், ஹூம், ஹூம் என்று.

மலையேற்றம் வந்தது. சத்தத்தைக் கூட்டினேன். இடைவெளி விட்டு விட்டு விழும் அடி. அம்மா கோயில் திருநீற்றை அத்தையின் நெற்றியில் அழுத்திப் பூசி, போத்தல் தண்ணீரை முகத்தில் தெளித்தாள். "போய்ட்டு வா தாயே. புள்ள தெரியாம கூப்பிட்டுருச்சு."

அத்தை ஆடிக்கொண்டுதான் இருந்தார். பதிவு முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. நான் கேபிளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசி அடி விழுந்ததும் பிடுங்கினேன். அந்த நொடியில் அத்தை சரிந்தார்.

அசைவில்லை. அம்மா அவர் மூக்கருகே விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவே இல்லை. நான் கேட்கவும் பயந்து அம்மாவின் முகத்தையே பார்த்தேன்.

"தண்ணி," என்றார் அத்தை.

குடித்துவிட்டு ஈரமான சேலையைப் பார்த்தார். "ஏண்டி, வண்டி ரிப்பேரா?"

"ஆமா அத்த."

"நெஞ்சு வலிக்குதாக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"அலுப்பா இருக்கு, அவ்வளவுதான் லா."

"நேரா ஆஸ்பத்திரிக்கு ஓட்டு," என்று அம்மா என் காதோடு சொன்னாள்.

தீவுப் பாலம் ஏறி இறங்கினோம். சந்திப்பில் கிள்ளான் பக்கம் திரும்ப சிக்னல் போட்டேன். டிக், டிக், டிக். அத்தையின் கால் கட்டைவிரல் செருப்புக்குள் அதற்கேற்ப அசைந்தது.

அம்மாவும் பார்த்துவிட்டாள். "அத அணைடி."

அணைத்தேன். சிக்னல் இல்லாமலே திரும்பினேன். பின்னால் வந்த லோரிக்காரர் ஹாரனை விடாமல் அழுத்தினார். பாதிக் கண் சாலையிலும் பாதிக் கண் அத்தையின் காலிலுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.