அலுங்காமல் குலுங்காமல்

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்று சொன்னால் பணக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மாவின் அப்பா எந்தக் காலத்திலோ வாங்கிய வண்டி அது. தெருவில் எல்லோரும் அதை பிளஷர் என்றுதான் சொல்வார்கள். யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு இரவல் கேட்டு வருவார்கள். மற்ற நாட்களில் அதன் அடியில் கோழிகள் படுத்திருக்கும்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். முதல் இரண்டு தடவை பஸ்ஸில் போனோம். இரண்டாம் தடவை திரும்பி வரும்போது வடலூருக்கு முன்னால் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அம்மா போட்ட சத்தத்தில் பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அப்பா கோழிகளை விரட்டிவிட்டுக் காரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்பா விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சின்னதாக ஒரு சூளை வைத்திருந்தார். ஃபியூஸ் கட்டைகள், விளையாட்டுப் பொம்மைகள் எல்லாம் அங்கிருந்து லாரியில் வெளியூர் போகும். மூடிய பெட்டி ஒவ்வொன்றையும் அவரே தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே லேசாகச் சத்தம் கேட்டாலும் பிரித்து இன்னும் கொஞ்சம் வைக்கோல் அடைக்கச் சொல்வார். பொருள் ஆடினால்தான் உடையும், ஆடாத பொருள் அமெரிக்கா வரை போகும் என்பது அவர் கட்சி. அதே சட்டத்தை அவர் அம்மாவுக்கும் பொருத்தினார். வாடகை வண்டிக்காரர்கள் பறப்பார்கள் என்று யாரையும் கூப்பிடவில்லை.

அம்மாவின் உடம்பில் அவரால் செய்ய முடிந்த வேலை எதுவும் இல்லை. காரில் நிறைய இருந்தது. பிரேக்கை மிதித்தால் அது யோசித்துவிட்டுத்தான் நிற்கும். பின்னால் ஒரே ஒரு சிவப்பு விளக்கு, அதுவும் அழுது வடியும். திரும்பும்போது பக்கம் காட்ட, கதவோரத்துத் தூணிலிருந்து ஒரு சின்னத் தகரக் கை வெளியே நீளும். நிலக்கரி லாரிக்காரர்களுக்கு அந்தக் கை என்னவென்றே தெரியாது. மெக்கானிக் அண்ணன் பிரேக்குக்குப் புது உறுப்புகள் போட்டார். பின்னால் இரண்டு பக்கமும் பளிச்சென்று சிவப்பு விளக்கு, மினுக்கும் மஞ்சள் விளக்கு, வெளியே இரண்டு கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அந்தச் சின்னக் கையை மட்டும் அப்பா கழற்ற விடவில்லை. அம்மாவுக்கு அது பிடிக்கும்.

கடைசியாக பெல்ட். பின் சீட்டில் போட வேண்டும் என்று அப்பா சொன்னபோது மெக்கானிக் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“வெறும் தகட்டுல போல்ட்டு போட்டா, ஒரு இழுப்புக்குக் கையோட வந்துடும்ங்க. அடியில இரும்புப் பட்டை வச்சுதான் முறுக்கணும். ரெண்டு நாளு ஆவும்.”

“நாலு நாளு ஆவட்டும். கெட்டியா இருக்கணும்,” என்றார் அப்பா.

உடைத்துப் போட்ட வேறொரு காரிலிருந்து பெல்ட் வந்தது. முதல் பயணத்தன்று அம்மாவை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தலையணை செருகி, பெல்ட்டை மாட்டினோம். அப்பா அவள் தோளைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்த்தார். அம்மா சிரித்துவிட்டாள்.

“என்னைய என்னா பொம்மைன்னு நெனச்சீங்களா? வைக்கோலு ஒண்ணுதான் பாக்கி.”

அதன் பிறகு நாற்பதைத் தாண்டாமல் போவோம். கரும்பு டிராக்டர்கூட எங்களை முந்திக்கொண்டு போகும். எனக்கு அவமானமாக இருக்கும், அப்பாவுக்குத் துளிக்கூட இருக்காது. பெல்ட்டை இழுத்து இறுக்குவது என் பொறுப்பு. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது. பழைய பெல்ட், தொய்ந்துபோகிறது என்று அப்பாவிடம் புகார் சொன்னேன். அப்பா நேராக மெக்கானிக் அண்ணனிடம் போய்ச் சண்டை பிடித்தார். அந்த மனிதர் வேறு பெல்ட் மாற்றிக் கொடுத்தார். தொய்ந்தது பெல்ட் இல்லை என்று அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? யாரிடமாவது கோபப்பட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆறாவதோ ஏழாவதோ பயணம். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம், “இனிமே இவ்ளோ தூரம் அலைய வேண்டாங்க. வீட்லயே வச்சுப் பாத்துக்குங்க. சாப்பிட என்ன கேட்டாலும் குடுங்க,” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

திரும்பி வரும்போது, ஒரு திருப்பத்தில் போட்ட மஞ்சள் விளக்கை அப்பா அணைக்கவே இல்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்கள். அவ்வளவு கவனமான மனிதர் இப்படி மறக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

வீடு வந்ததும் நான் குதித்து இறங்கி, சமைத்துப்போட வந்திருந்த அத்தையிடம் ஓடினேன். “அத்தே, அம்மாவுக்கு நல்லாயிடுச்சு! இனிமே வர வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க!” எங்கள் பிளஷரும் பெல்ட்டும் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்றும் சேர்த்துச் சொன்னேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா காரிலிருந்து இறங்கவில்லை.

தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். யாரும் அசையவில்லை. கடைசியில் அம்மாதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், சர்க்கரை டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

“எல்லாருக்கும் குடு. ஒரு வூட்டையும் வுடாத.”

வீடு வீடாகப் போனேன். சூளையில் வேலை பார்க்கிற அக்காக்கள் எல்லோரும் அந்தத் தெருதான். சொன்னதைக் கேட்டு, கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஒரு வீட்டையும் விடவில்லை. வாங்கிய சர்க்கரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருத்தர்கூட வாயில் போடவில்லை. சர்க்கரையை வாங்கிவிட்டு யாராவது தின்னாமல் இருப்பார்களா என்று எனக்கு அவர்கள்மேல் கோபம் கோபமாக வந்தது.