சம்பந்தி வீட்டுப் பை

சுந்தரவல்லி மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் அறைகளைப் பார்த்துக்கொள்கிறார். பதினொரு வருடமாக அதுதான் வேலை. முப்பத்திரண்டு அறைகள். ஒரு கல்யாணம் முடிந்து அடுத்தவர்கள் வந்து இறங்குவதற்குள் விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, சாவிகளைச் சரிபார்த்து வைத்துவிட வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் தங்கும் அறைகளில் ஆளுக்கொரு சின்ன ஜிப் பை வைப்பது இப்போது வழக்கம். பத்து கிராம் பேஸ்ட், பிரஷ், வில்லை சோப்பு, முப்பது மில்லி ஷாம்பு, விரல் நீளத்தில் தேங்காய் எண்ணெய், சீப்பு. பையின் மேல் மணமக்கள் பெயரும் தேதியும் அச்சாகியிருக்கும். ஒரு தடவை தலைக்கு ஊற்றியதும் ஷாம்புக் குப்பி அங்கேயே நின்றுவிடும். பாதிப் பைகளின் ஜிப்பைக்கூட யாரும் இழுத்திருக்க மாட்டார்கள்.

காயலான் கடைக்காரர் அந்தக் குப்பிகளைத் தொடமாட்டார். மூடி ஒரு ரகப் பிளாஸ்டிக், குப்பி இன்னொரு ரகம், உள்ளே வழவழவென்று மிச்சம். இதைத் திறந்து கழுவுகிற நேரத்தில் இரண்டு மூட்டை பாட்டில் பிரித்துவிடலாம் என்பார். திறக்காத பைகளை அடுத்த கல்யாணத்தில் வைக்கவும் வழியில்லை. வேறொருவர் பெயர் போட்ட பையை எந்தச் சம்பந்தி வாங்குவார்? குப்பையில் போடவும் சுந்தரவல்லிக்குக் கை வரவில்லை. நேற்றுத்தான் தாலி கட்டிக்கொண்டவர்களின் பெயரை எச்சில் இலையோடு எப்படித் தள்ளுவது? இந்த வருடம் சித்திரையில், மாடிப்படிக்கு அடுத்த ஸ்டோர் ரூமில் அடுக்கத் தொடங்கினார்.

அடுக்கும்போது ஒரு கேள்வி வந்தது. இதில் ஷாம்பு எவ்வளவு, பிளாஸ்டிக் எவ்வளவு? சமையல்காரர்களின் காய்கறித் தராசில் ஒரு காலிக் குப்பியை வைத்தார். தராசு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நூறு குப்பி சேரும்வரை காத்திருந்தார். ஒவ்வொன்றையும் கழுவி, கவிழ்த்து, வெயிலில் காயவைத்து, மூடியோடு நிறுத்துப் பார்த்தார். ஒரு கிலோ இருநூறு கிராம். அந்த நூறிலும் நிரம்பியிருந்த ஷாம்பு மொத்தமே மூன்று லிட்டர். காலி லிட்டர் பாட்டில் மூன்றைத் தேடிப் பிடித்து நிறுத்தபோது இருநூற்றுப் பத்து கிராம்தான் வந்தது. இதையெல்லாம் செய்யும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஆனியில் ஸ்ரீரஞ்சனி என்பவர் மண்டபம் பார்க்க வந்தார். ஆவணியில் அவர் மகள் மஹதிக்குக் கல்யாணம். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நூற்றிருபது பைக்கு ஆர்டர் கொடுக்கப்போவதாகச் சொன்னபோது, சுந்தரவல்லி தான் நிறுத்ததைச் சொன்னார். டீச்சர் மனத்துக்குள் வகுத்துப் பார்த்தார். சின்னக் குப்பியில் பிளாஸ்டிக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அதன் பிறகு ஆர்டர் கொடுக்க மனம் வரவில்லை; கொடுக்காமலிருக்கப் பயமாகவும் இருந்தது. மாப்பிள்ளை அச்யுத்தின் அத்தை சூடாமணி, குறை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்.

“சம்பந்தியாத்துல ஒரு சொல் வந்துடுத்துன்னா, என் பொண்ணுதான் ஆயுசுக்கும் கேட்டுண்டிருக்கணும்” என்றார் ஸ்ரீரஞ்சனி.

“அப்டி வந்தா எம்மேல கைய காட்டிடுங்கம்மா. நான் பதில் சொல்லிக்கிறேன்.”

குளியலறைகளில் அமுக்கினால் வருகிற பெரிய ஷாம்பு, சோப்புப் பாட்டில்கள் வைத்தார்கள். பேஸ்ட், பிரஷ், எண்ணெய் எல்லாம் கீழே வரவேற்பு மேசையில், கேட்பவர்களுக்கு. அதைத் தாளில் எழுதி ஒவ்வொரு கதவிலும் சுந்தரவல்லி ஒட்டினார். யாரும் படிக்கவில்லை.

முகூர்த்த நாள் காலை ஐந்து மணி. காபி வந்துவிட்டது. பல் தேய்க்காமல் அதைக் குடிக்க முடியாது. சூடாமணி படியிறங்கி, வரவேற்பு மேசையருகே நின்ற சுந்தரவல்லியிடம் வந்தார்.

“ஏம்மா, எல்லாம் ரூம்லயே இருக்கும்னு சொன்னா. ஒரு பேஸ்ட் கூட இல்லை. மாப்பிள்ளையாத்துக்காரான்னா இவ்வளவுதானா?”

பின்னால் வந்துகொண்டிருந்த ஸ்ரீரஞ்சனி, புடவை மடிப்பைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார். சுந்தரவல்லி பேஸ்டை எடுத்து நீட்டியிருக்கலாம். அதற்கு முன் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார்.

“ரூம்ல வச்சா இன்னா ஆவுதுன்னு ஒரு நிமிஷம் பாருங்க மாமி. சித்திரைலேர்ந்து சேந்தது.”

தரையிலிருந்து கூரை வரை பைகள். கழுவிக் காயவைத்த குப்பிகள் அலமாரி அலமாரியாக, உயர வாரியாக. மூடிகள் மட்டும் மூன்று எண்ணெய் டின் நிறைய. உள்ளங்கையில் அடங்கும் பொருள் ஓர் அறையை இப்படி அடைக்கும் என்று நேரில் பார்க்காதவர் நம்பமாட்டார். ஒன்றுகூடக் கோணலாக நிற்கவில்லை.

சூடாமணி உள்ளே நுழைந்தார். ஒரு பையை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பெயரைப் படித்தார். ஸ்நேஹா, ராம்குமார். பிறகு அடுத்ததை. ஷ்ரேயா, சாய்நாத். அதற்கும் அடுத்ததை. எத்தனை கல்யாணம் என்று கேட்டார். முப்பத்தொன்று என்றார் சுந்தரவல்லி.

“தூக்கிப் போடலையா நீ?”

“பேர் போட்டுக் கீதே மாமி. எப்டிப் போடறது?”

சூடாமணி கையிலிருந்த பையின் பெயரை விரலால் தடவினார்.

“வச்சிருந்தா, எங்க அச்யுத் பேரும் இங்கதான் வந்து உக்காந்திருக்கும்.”

சூடாமணி பையை எடுத்த இடத்திலேயே, விளிம்பு சரியாக இருக்கும்படி வைத்தார். வெளியே வந்து, பிரஷைத் தொடாமல் ஆள்காட்டி விரலை நீட்டினார். மேசையிலிருந்த பெரிய டியூபிலிருந்து சுந்தரவல்லி அதில் பேஸ்டைப் பிதுக்கினார்.

மாடியில் யாரோ பேஸ்ட் எங்கே என்று கேட்டார்கள். கூடவே, இதென்ன கல்யாணம் என்று ஒரு குரல். ஸ்ரீரஞ்சனியின் முகம் சுருங்கியது. சூடாமணி அண்ணாந்து பார்த்தார்.

“கீழ இருக்கு. வந்து வாங்கிக்கோங்கோ. இதுக்கு மேல ஒருத்தரும் வாயைத் திறக்கப்படாது, பல் தேய்க்கறதுக்குத் தவிர.”