ஹிஜ்ரத் பாடத்துக்கு நான் எழுதிய பதில்

மழையில் நனைந்த ஓலைக் கிடுகின் வாசம் இப்போதும் எங்காவது வந்தால், தில்லையடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடுகுக் கொட்டிலில் நடந்த எங்கள் அஹதிய்யா மார்க்க வகுப்புத்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். யுத்தம் முடிந்திருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுத் தில்லையடிக்கு வந்திருந்த எங்கள் பெரியவர்கள் "ஊருக்குப் போறதா, இங்கயே இருக்கிறதா" என்று வீட்டுக்கு வீடு கதைத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு பாடம் முடிந்தால் அது மனதை என்ன செய்தது என்று எழுதிக் கொடுக்கச் சொல்வது எங்கள் டீச்சரின் வழக்கம். அந்தக் கிழமை ஹிஜ்ரத் பாடம். நபி (ஸல்) அவர்கள் மக்காவைப் பிரிந்து மதீனாவுக்குப் போகும்போது வருந்தியதைக் கேட்டுவிட்டு, மன்னாரை நினைத்து அழுததாக எல்லாப் பிள்ளைகளும் எழுதியிருந்தார்கள். டீச்சர் என் கூட்டாளி ஸபீனாவை எழுப்பி, "நீ மன்னாரக் கண்டிருக்கியா புள்ள?" என்று கேட்டார். இல்லை என்றாள்.

"அப்ப இது யார்ட கண்ணீர்?"

"உம்மாட, டீச்சர்."

"சரி, புள்ளியில பாதி உம்மாக்கு" என்று சிரித்துக்கொண்டே பாதிப் புள்ளிதான் போட்டார்.

நான் மட்டும், தில்லையடியில் பிறந்த எனக்கு இதுதான் ஊர், மன்னாருக்குப் போவோம் என்று வாப்பா சொல்லும்போதெல்லாம் பயமாக இருக்கிறது என்று, உள்ளதை எழுதிவிட்டேன். என் கொப்பியில் புள்ளியே இல்லை. சிவப்பு மையில் ஒரு கேள்விதான் இருந்தது: "மக்காவை விட்டு வந்த முஹாஜிர்களின், மதீனாவில் பிறந்த பிள்ளைகளுக்கு எது ஊர்?"

"ஒனக்கு முட்டைதான்" என்றாள் ஸபீனா. இதில் வாப்பாவின் கையெழுத்து வேறு வாங்கிப் போக வேண்டும். வாப்பாவோ, மன்னாரில் வீடு கட்டுவதற்காக நாங்கள் குடியிருந்த தில்லையடி வளவை விற்கப் பேசிக்கொண்டிருந்தவர்.

மஃரிப் தொழுதுவிட்டு வந்து எழுத்துக் கூட்டி வாசித்தார். சிவப்பு மைக் கேள்வியை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு, "இத நாங்க ஒங்கள்ட்டக் கேக்கவே இல்லியே மகள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வளவை விற்கவில்லை. பிந்தி, மன்னாரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போகும்போது, "நான் என்ட ஊருக்குப் போறன். ஒன்ட ஊர் ஒனக்கு இருக்கட்டும்" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ், அந்த வளவில்தான் இன்று குடியிருக்கிறேன். வகுப்பு நடந்த கிடுகுக் கொட்டில் போய் மாடிக் கட்டடம் வந்துவிட்டது. டீச்சரும் பாதிப் பிள்ளைகளும் மன்னாருக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு முட்டை என்று சொன்ன ஸபீனாதான் இப்போது இங்கே அஹதிய்யா டீச்சர்.

போன கிழமை என் மகள் அஹதிய்யாவிலிருந்து முகம் வாடி வந்தாள். நோன்புப் பாடத்துக்கு, பகல் முழுக்கக் கஞ்சியையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறாள். புள்ளி இல்லை. கீழே சிவப்பு மையில், "அவ்வளவு பசித்தும் ஏன் நோன்பை விடவில்லை?" என்று இருந்தது.

"முட்டையா உம்மா?" என்றாள்.

நான் கையெழுத்துப் போடப் பேனை தேடினேன்.