பாஸ்போர்ட்டில் வைத்த மஞ்சள்

என் தம்பி மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பன்னிரண்டு வருடம் பரோட்டா மாஸ்டராக இருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் தட்டாஞ்சாவடிப் பட்டறையில் பிரஸ் மெஷினில் தகடு அடித்துக்கொண்டிருந்தபோது, அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த, எங்கள் ஊர்ப் பக்கத்துத் தவளக்குப்பத்துக்காரர் போன் செய்தார். பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றவன் அப்படியே சரிந்துவிட்டான், தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, கண் திறக்கவில்லை என்றார்.

"ரெண்டு மூணு நாளு தாங்கறதே கஷ்டம்னு சொல்றாங்கண்ணே. பாக்கறவங்க உடனே வந்து பாத்துடுங்க."

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போவதென்றால் நான்தான் போக வேண்டும். என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு, "ஒரு வாட்டி வந்துட்டுப் போண்ணே" என்று அவன் விடாமல் நச்சரித்ததால் எடுத்தது. எடுத்ததோடு சரி, பீரோவில் கிடந்தது. லீவு கிடைக்கவில்லை என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் பயம். ரேஷன் கடைக்குக்கூட என் மனைவிதான் போவாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் சாயங்கால விமானத்துக்கு டிக்கெட் கிடைத்தது. பட்டறையில் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது, விவரம் தெரியாத ஒருவர், "ஜன்னலோரம் வேணும்னா வெளிய நின்னே துண்டப் போட்டுடுப்பா" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவரை முழங்கையால் இடித்தார்.

புதன்கிழமை காலை அரியாங்குப்பம் வீட்டில் என் மனைவி குளித்துவிட்டு வந்து, பாஸ்போர்ட்டை வாங்கி அம்மன் படத்தின் முன்னால் வைத்தாள். எங்கள் வீட்டில் புதுச் சட்டை ஆனாலும் கல்யாணப் பத்திரிகை ஆனாலும் மஞ்சள் வைக்காமல் வெளியே எடுக்க மாட்டோம். அவள் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் வைத்தாள். "உள்ளயும் வைக்கறேங்க. அவன் பொழைச்சு வரணும்" என்று சொல்லி, என் போட்டோ இருந்த பக்கத்தின் மூலையிலும் விரலால் ஒற்றினாள். நான் தடுக்கவில்லை. தம்பிக்குப் பத்து வயதில் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள் அவள். அண்ணி என்று கூப்பிட்டானே தவிர, அவளை அம்மாவாகத்தான் நினைத்தான்.

விழுப்புரம் போய் பஸ் மாறி, மதியம் விமான நிலையத்தில் இறங்கினேன். சென்னை மாதிரி பெரியது இல்லை, கூட்டம் இருக்காது, சுலபம் என்று டிக்கெட் போட்டவர் சொல்லியிருந்தார். இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரிகிற ஒரே கூடம்தான். ஆனாலும் எங்கே போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில், "கடலூர் கடலூர் கடலூர்" என்று கத்திக் கூப்பிடுவார்கள். காது இருந்தால் போதும், போய் ஏறிவிடலாம். இங்கே யாரும் கத்தவில்லை. எல்லாவற்றையும் தலைக்கு மேலே எழுதி வைத்திருந்தார்கள். அந்த எழுத்தும் நான் படித்து முடிப்பதற்குள் மாறியது.

நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு ஒருவர் போனார். நம்ம ஆள் மாதிரி இருக்கிறாரே என்று அவர் பின்னாலேயே போனேன். அரை மணி நேரம் கழித்து என் முறை வந்தபோது, "இது துபாய் சார். மலேசியாவுக்குப் பக்கத்து லைன்" என்றார்கள். மறுபடியும் கடைசியில் போய் நின்றேன்.

அந்த வரிசைக்கு முன்னால் கவுண்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மஞ்சளா அண்ணா? எங்க வீட்லயும் வைப்பாங்க. ஆனா அட்டையோட நிறுத்திக்குவாங்க."

மூலையில் வைத்த மஞ்சள் ஈரத்தில் இறங்கி, பக்கத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்துகள் வரைக்கும் வந்திருந்தது. மெஷின் படிக்கவில்லை. அவள் எண்களைத் தானே தட்டிக்கொண்டு சீட்டைக் கொடுத்தாள்.

"மேல இமிக்ரேஷன்ல கேட்டா, சாமிகிட்ட வச்சதுன்னு சொல்லிடுங்கண்ணா. புரிஞ்சுக்குவாங்க."

அவளுக்கு அது ஒரு வாக்கியம். எனக்கு அப்படி இல்லை. ஒரு அதிகாரி முன்னால் நின்று அதைச் சொல்ல வேண்டும். பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். சொல்லாமல் போக வழி உண்டா என்றுதான் மனம் தேடியது.

கழிவறைக்குப் போனேன். கையலம்பும் குழாயில் விரலை நனைத்து, கொஞ்சம் சோப்பு தொட்டு, மஞ்சளைத் தேய்த்தேன். நிறம் கொஞ்சம் மங்கியது. அது தைரியம் கொடுத்தது, இன்னும் தேய்த்தேன். பக்கத்தின் மேல் ஒட்டியிருந்த கண்ணாடித் தாள் மூலையில் பிரிந்தது. அழுத்தி ஒட்டினேன், ஒட்டவில்லை. சட்டைத் துணியால் துடைத்தேன். தாள் என் போட்டோவின் காது வரைக்கும் எழும்பி வந்துவிட்டது. ஒருவர் பக்கத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் பார்த்துவிடக்கூடாது என்று மூடிப் பையில் வைத்தேன்.

இமிக்ரேஷன் மேஜையில் இருந்த அதிகாரி இரண்டு முறை மெஷினில் வைத்துப் பார்த்தார். பிறகு விளக்குக்கு அடியில் பிடித்தார்.

"எத்தனாவது படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது சார்."

"எதுக்குப் போறீங்க?"

"தம்பி..." அதற்கு மேல் வரவில்லை.

"இத யாரு உரிச்சது?"

"தண்ணி பட்டுடுச்சு சார்."

என்னை ஒரு அறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே இருந்த மேலதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தவளக்குப்பத்துக்காரரிடம் என் போனிலேயே பேசி, தம்பியைப் பற்றித் தெரிந்துகொண்டார். நம்பினார்.

"மஞ்சள் மட்டும்னா நான் எழுதிக் குடுத்து அனுப்பியிருப்பேன். இது போட்டோவ மாத்தப் பாத்த மாதிரி இருக்கு. நான் விட்டாலும் அங்க எறங்கினதும் உங்களத் திருப்பி ஏத்திடுவாங்க. புது பாஸ்போர்ட் எடுத்துட்டு வாங்க."

"எத்தன நாளு சார் ஆவும்?"

"அவசரம்னு போட்டாலும் அஞ்சாறு நாள்."

நான் தலையாட்டினேன். ஏதாவது வழி இருக்கிறதா என்று கெஞ்சக்கூட இல்லை. வேறு ஒருவனாக இருந்தால் காலில் விழுந்திருப்பான்.

கூடத்துக்குத் திரும்பியபோது என் விமானத்துக்கு ஏறச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தவளக்குப்பத்துக்காரர் மறுபடியும் கூப்பிட்டார்.

"வர முடியாதுன்னா பேசுங்கண்ணே. காதுல வைக்கறேன். கேக்கும்னு நர்சு சொல்றாங்க."

நாற்காலி எல்லாம் ஆட்கள். குழந்தைகள், தள்ளுவண்டிகள், யாரையோ கட்டிப்பிடித்து அழுகிற ஒரு குடும்பம். போனில் மெஷின் மூச்சு விடுகிற சத்தம் வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"டேய்," என்றேன். "அண்ணன்டா." அப்புறம், "ஏறிட்டேன்டா. ஜன்னலோரம் குடுத்துருக்காங்க. காலையில வந்துடுவேன், எங்கயும் போயிடாத" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் மதியம் அவன் போய்விட்டான். பெட்டி ஊர் வந்து சேர ஒன்பது நாள் ஆனது.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, என் மனைவி பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நான் பாட்டுக்கு அந்த மஞ்சாவ வைக்காம இருந்திருந்தா, உயிரோட அவன் மூஞ்சியப் பாத்திருப்பீங்க. என் கையாலயே கெடுத்துட்டேன்."

"உன்னால இல்ல," என்றேன்.

அது உண்மை. ஆனால் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மஞ்சளால் பாஸ்போர்ட் கெட்டுவிட்டது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். குழாயடியைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் எதற்குமே மஞ்சள் வைப்பதில்லை. எங்கள் மகளின் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட வேறு ஒருத்தியைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னாள். "அந்த மனுசன் இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்த சொல்லிக் காட்டினதில்ல" என்று பக்கத்து வீட்டில் அவள் சொல்வது என் காதில் விழும்.

இதை எழுதியதே அவளிடம் படித்துக் காட்டத்தான். சொல்ல வராது, தாளைப் பார்த்துப் படித்துவிடலாம் என்று. நேற்று ராச்சாப்பாடு ஆனதும் எடுத்தேன். "இன்னாங்க அது?" என்று கேட்டாள். பட்டறைக் கணக்கு என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன்.