மழை எந்த வரிசையில் சேரும்

உப்பளத்தில் எட்டு மணிக்கு டீ வரும். வரப்பில் உட்கார்ந்து அதைக் குடித்துக்கொண்டே நான் செல்போனில் வார்த்தை பிரிப்பேன். தினம் பதினாறு வார்த்தை வரும். ஒன்றோடொன்று சேர்கிற மாதிரி நாலு நாலாகப் பிரித்துக் காட்ட வேண்டும். நாலு தப்பு செய்தால் ஆட்டம் முடிந்தது. இதில் உனக்கு என்ன கிடைக்கிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். கிடைக்கிறது, உங்களுக்கென்ன என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவள் என் கூட்டாளி. உப்பு சுமக்கிற பெண்கள் இரண்டிரண்டு பேராகத்தான் சேர்ந்துகொள்வோம். நிறைந்த கூடையைத் தானாகத் தலைக்கு ஏற்ற முடியாது, ஒருத்தி தூக்கிவிட வேண்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வாரத்திலிருந்து எனக்குத் தூக்கிவிட்டவள் அவள்தான். எனக்கு இடுப்பு வலிக்கிற நாளை நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவாள். அன்றைக்கு மேஸ்திரிக்குத் தெரியாமல் என் கூடையில் பாதி உப்புதான் விழும். கூசுகிற கண்ணை இடுக்கிக்கொண்டு, போகிற வழியெல்லாம் இருவரும் அவரவர் மாமியாரைத் திட்டிக்கொண்டே நடப்போம். ஒருமுறை சிரிப்பை அடக்க முடியாமல் கூடையோடு வரப்பில் சரிந்தேன். அப்படி ஒரு சிரிப்பு அவள் ஊரைவிட்டுப் போன பிறகு எனக்கு வந்ததேயில்லை.

சென்னையில் வேலை கிடைத்ததும் அவள் மகன் அவளையும் கூட்டிக்கொண்டு போனான். அங்கே மருமகள் போனில் இந்த ஆட்டத்தைப் போட்டுக்கொடுக்க, இவள் எனக்கு அனுப்பிவைத்தாள். டீ நேரத்தில் போன் போட்டு இருவரும் சேர்ந்தே பிரிப்போம். முக்கால்வாசி ஊர்க்கதைதான் ஓடும்.

போன வருஷம் மாசி மகத்துக்கு வந்தவள், என் கால் வெடிப்பைப் பார்த்துவிட்டு, இந்த வேலையை விட்டுத் தொலையேன் என்றாள். அக்கறையில்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. தெருவே பார்க்க, "ஏசி ரூம்ல இருந்துட்டு வந்தா நாங்கல்லாம் நாறத்தான் செய்வோம். இனிமே இந்தப் பக்கம் வராத" என்று கத்திவிட்டேன். ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள்.

அதோடு பேச்சு நின்றது. ஆட்டம் முடிந்ததும் எதைச் சரியாகச் சேர்த்தோம், எதைத் தப்பாகச் சேர்த்தோம் என்று வண்ணக் கட்டங்களாக ஒரு படம் வரும். வார்த்தை இருக்காது, சேர வேண்டிய நாலுக்கு ஒரு நிறம் என்று, நாம் அழுத்திய வரிசையிலேயே கட்டம் மட்டும் இருக்கும். அதை மட்டும் நான் அனுப்புவேன், அவளும் அனுப்புவாள். நல்லாயிருக்கியா என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் அவள் கட்டம் வர நேரமானால் எனக்குக் கை ஓடாது. ஒருநாள் வராமலே நின்றுபோனால் என்ன செய்வேன்? என்னை ஒரேயடியாக வெறுத்துவிட்டாளோ என்ற பயம் தினமும் இருந்தது. இருந்தும் நானாகப் பேச வீம்பு விடவில்லை.

போன வாரம் ஒருநாள் நாலு பூப் பெயர், நாலு பாத்திரப் பெயர் இவற்றுக்கு நடுவில் நோய், பஞ்சம், விபத்து, திருட்டு, மழை, வெயில், காற்று, பனி எல்லாம் கலந்து கிடந்தன. யோசிக்கவேயில்லை. மழையை முதலில் அழுத்தி, நோய், பஞ்சம், விபத்து மூன்றையும் அதோடு சேர்த்தேன். எல்லாம் கஷ்டம்தானே. தப்பு என்றது. எனக்கு வந்ததே கோபம்! ஒரு மழை பெய்தால் பாத்தியில் விளைந்ததெல்லாம் கரைந்துபோகும். மறுபடி உப்பு விளைகிறவரை நாங்கள் வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான். அது கஷ்டமில்லையாம், திருட்டுதான் கஷ்டமாம். எங்களிடம் திருட என்ன இருக்கிறது? மழை போய் வெயில், காற்று, பனியோடு சேர வேண்டுமாம். வெயிலும் காற்றும் எங்களுக்குச் சோறு போடுகிறவை. பஞ்சத்தையும் மழையையும் ஒரே வரிசையில் வைக்கிறவர்கள் உலகத்திலேயே நாங்கள்தான் இருப்போம் என்று பிறகு சிரிப்பும் வந்தது. கட்டங்களை அனுப்பிவைத்தேன். மழைக்கு மஞ்சள், கஷ்டத்துக்கு நீலம். முதல் வரிசையில் ஒரு மஞ்சள், மூன்று நீலம்.

கொஞ்ச நேரத்தில் அவளுடையது வந்தது. அதிலும் முதல் வரிசையில் ஒரு மஞ்சள், மூன்று நீலம்.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாடி வீட்டில், மழை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காரலாம் அவள். அவளும் மழையைத்தான் முதலில் அழுத்தியிருக்கிறாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வீம்பாவது மண்ணாவது என்று போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மழையத்தான போட்ட?" என்றேன்.

"பின்ன?" என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இங்க ஒவ்வொரு மழைக்கும் ஒன் பாத்தி என்னா ஆச்சோன்னுதான்டி உக்காந்திருக்கேன். கேக்கத்தான் முடியல. வராதன்னு சொல்லிட்டியே."